அன்னமும் நெய்யரியும்

நன்னூல் பயின்றோர், பவணந்தி முனிவர் மாணாக்கரை மூவகைப்படுத்திய முறையை மறந்திரார். தலை மாணாக்கருக்கு அன்னத்தையும் ஆவினையும், இடை மாணாக்கருக்கு மண்ணையும் கிளியையும், கடை மாணாக்கருக்கு இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பவற்றையும் அவர் உவமையாகக் காட்டினார். இவற்றுள் அன்னமும் நெய்யரியும் பிரிக்குந் தொழிலையே செய்வன. அன்னம் நீரை ஒழித்துப் பாலைக் கொள்ளும் என்பது புலவர் வழக்கு. நெய்யரியோ நெய்யை ஒழுகவிட்டு, மண்டியைத் தன்னிடத்தே தேக்கிவைத்துக் கொள்ளும். தொழில் ஒன்று, பயன் வேறு. இக் கல்லூரியில் தமிழ் பயின்ற பழைய மாணவர் பலர் இச் சூத்திரத்தை ஒரு காலத்தில் மனனஞ் செய்து ஒப்புவித்தவர்களே. அதனை இன்று எம்மவர் நடத்தும் வணிக நிலையங்களின் மின்னஞ்சற் சேவையகங்களுக்குப் பொருத்திப் பார்க்க விரும்பி இக் கட்டுரையை வரைகின்றோம்.

தமிழ் கற்பிப்போர்க்கும் சேவையகத்துக்கும் யாது தொடர்பு என வினவுவார் உளராகலாம். தொடர்பு உண்டாயிற்று, அதனை முதலிற் கூறுவாம்.

பசறைக்கு அப்பால் உள்ள தோட்டம் ஒன்றிலிருந்து வந்து எம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி, உயர்தரப் பரீட்சையில் நல்ல பேறு பெற்றாள். வணிக நிலையம் ஒன்று, தமிழிலும் ஆங்கிலத்திலும் கடிதத் தொடர்பு கொள்ள வல்ல எழுதுவினைஞர் ஒருவர் தேவை என விளம்பரஞ் செய்திருந்தது. அவள் தன் விண்ணப்பத்தைத் தமிழில் எழுதி எம்மிடங் காட்டினாள். யாம் ஒற்றுப் பிழை இரண்டைத் திருத்திக் கொடுத்தோம். சான்றிதழ்ப் படிகளை இணைத்து மின்னஞ்சலில் அனுப்பினாள். மறுமொழி இல்லை. இரண்டு மாதங் கழிந்தபின் எம்மைக் கண்டபோது, “எனக்குத் தகுதி இல்லைப் போல, சேர். இல்லை என்றுகூட அவர்கள் எழுதவில்லையே” என்றாள்.

அந் நிலையத்தின் சேவையகத்தைப் பராமரிப்பவரும் எம்மிடம் முன்னர் பயின்றவரே என்பது பின்னர்த் தெரியவந்தது. அவரிடம் விசாரித்தோம். நேர்மையாளர் ஆதலின் ஒன்றையும் மறைத்தாரல்லர். பதிவேட்டைப் புரட்டி, குறித்த நாளிற் குறித்த நேரத்தில் அக் கடிதம் வந்ததையும், வேண்டா அஞ்சல் எனக் கணிக்கப்பட்டு எவர் கண்ணிலும் படாது கழிக்கப்பட்டதையும் காட்டினார். தமிழில் எழுத வல்லவரைத் தேடிய நிலையத்தின் வாயிற் காவலன், தமிழில் எழுதப்பட்டமையையும் ஒரு குற்றமாக எண்ணிக் கடிதத்தைக் குப்பையில் இட்டுவிட்டான். அப்பொழுது அப் பதவிக்கு வேறொருவர் நியமனம் பெற்றிருந்தார். அம் மாணவியின் விண்ணப்பத்தை எந்த மனிதரும் படித்துத் தள்ளவில்லை. ஆயினும் தன்னைத் தகுதியற்றவள் என உலகம் தீர்மானித்துவிட்டதாக அவள் இரண்டு மாதம் எண்ணியிருந்தாள். இவ் வருத்தமே எம்மை எழுதத் தூண்டியது.

நிற்க. வேண்டா அஞ்சல் என்பது யாது? ஆங்கிலத்தில் ‘ஸ்பாம்’ என்பர். 1937ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹோர்மல் என்னும் நிறுவனம் பேணியில் அடைத்து விற்கத் தொடங்கிய பன்றி இறைச்சியின் பெயர் அது. 1970இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் மொன்டி பைதன் குழுவினர் நடித்த நகைச்சுவைக் காட்சி ஒன்றில், உணவுச்சாலையிலுள்ள பண்டங்கள் ஏறத்தாழ அனைத்திலும் இவ் விறைச்சியே கலந்திருக்கும். அதன் பெயரைப் பலர் கூடிப் பாடுவதால் மற்றையோர் பேச்சுக் கேளாதொழியும். வேண்டாத ஒன்று மிகுந்து வேண்டியதை அமிழ்த்திவிடும் நிலைக்கு அப் பெயர் இவ்வாறு ஆகிவந்தது.

இத் தொல்லை இணையத்தினும் மூத்தது. 1978ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், கணினி விற்கும் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் அலுவலராகிய கேரி தூர்க் என்பார், அர்ப்பாநெட் என்னும் அக்கால வலையமைப்பிற் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். பெற்றோர் பலர் சினந்தனர். விற்பனையோ பெருகியதாக அவரே பின்னர்ப் பெருமை பேசினார். சினத்தைப் பிறருக்கும் பயனைத் தனக்கும் ஆக்கும் இம் முறையைப் பின்வந்தோர் விடாது பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. தபாற்கந்தோரிற் கடிதம் சேர்ப்பவன் ஒவ்வொன்றுக்கும் முத்திரை ஒட்டவேண்டும். மின்னஞ்சலிலோ ஆயிரம் அனுப்பினும் பத்து இலட்சம் அனுப்பினும் அனுப்புவோனுக்குச் செலவு ஏறத்தாழ ஒன்றே. இன்று உலகில் உலவும் மின்னஞ்சல்களுட் பாதியளவு வேண்டா அஞ்சலே என அத்துறையினர் கணிக்கின்றனர். ஆகவே வடிகட்டி இன்றி எந்த வணிக நிலையமும் ஒரு நாளேனும் நடவாது. காவலன் தேவை என்பதை யாம் மறுக்கவில்லை.

தேவை என்பதற்கு எம் நாட்டிலேயே சான்று உண்டு. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், பணங் கேட்டு மிரட்டும் தீநிரல் ஒன்று இலங்கை அரசின் மின்னஞ்சற் சேவையைத் தாக்கியது. அமைச்சரவை அலுவலகத்தினது உட்படச் சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்கவியலாது அழிந்தன. சேவையகத்தின் மென்பொருள் பழையதாயிருந்தது. அக் காலப்பகுதிக்குரிய தனிப் படியும் வைக்கப்படவில்லை. தாக்குதலுக்கு முன்னரே சில வாரங்களாக ஐயத்துக்குரிய இணைப்புகள் அலுவலர்களுக்கு வந்துகொண்டிருந்தன என்றும், அவற்றுள் ஒன்றை எவரேனும் திறந்திருக்கக்கூடும் என்றும் பொறுப்பாளர் தெரிவித்தனர். ஒரு தீய கடிதம், ஒரு கணநேரக் கவனக்குறைவு. ஓர் அரசின் மூன்று மாதக் கடிதங்கள் இல்லையாயின.

மற்றொரு சான்று தமிழாசிரியர்க்குச் சிறப்பாக உரியது. 2016ஆம் ஆண்டு பெப்ரவரியில், நியூயோர்க்கிலிருந்த வங்காளதேச மத்திய வங்கிக் கணக்கிலிருந்து ஏறத்தாழ 951 மில்லியன் டொலரைக் கவரக் கள்வர் முயன்றனர். 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்சுக்குச் சென்றது. 20 மில்லியன் டொலர் இலங்கையில் உள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு அனுப்பப்பட்டது. அவ் வமைப்பின் பெயரில் வந்த ‘பவுண்டேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லைக் கள்வர் ‘பண்டேஷன்’ எனப் பிழைபட எழுதியிருந்தமையால், இடைப்பட்ட வங்கியொன்று ஐயுற்று வினவிற்று. இலங்கைக்கு வந்த பணம் தப்பியது. எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியரை நகையாடுவோர் இதனை எண்ணுக.

இனி, அக் கள்வர் அவ் வங்கிக்குள் எவ்வாறு நுழைந்தனர் என்பதே எம் பொருளுக்கு மிக வேண்டுவது. அமெரிக்க நீதித் திணைக்களம் 2018இல் வெளியிட்ட குற்றப்பத்திரத்தின்படி, 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வங்கி அலுவலர் பலருக்கு, வேலை தேடும் ஒருவர் எழுதியது போன்ற பணிவான கடிதங்கள் அனுப்பப்பட்டன. தம் தகுதி விவரங்களைக் காண இணைப்பைத் திறக்குமாறு அவை வேண்டின. கள்வர் அணிந்த வேடம் வேலை தேடும் இளைஞனுடையது!

அன்று தொட்டு, அறியாதவர் ஒருவர் இணைப்புடன் அனுப்பும் விண்ணப்பத்தைக் காணும் சேவையகங்கள் கள்வனைக் கண்டாற்போல் வெருளுவது இயல்பாயிற்று. கள்வன் உடுத்த வேடத்துக்காக, அவ் வேடத்துக்கு உண்மையில் உரியவன் தண்டனை பெறுகின்றான். எம் மாணவி அனுப்பியதும் அத்தகையதே: புதிய முகவரி, அறியாப் பெயர், இணைப்புகள், போதாக்குறைக்குத் தமிழ்.

இவ் வடிகட்டிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அம் முன்னாள் மாணவர் எமக்கு விளக்கினார். யாம் விளங்கிக்கொண்டவாறு கூறுவாம். தேயிலைத் தொழிற்சாலையைப் பாராத பதுளையார் இலர். காய்ந்த தூள் ஒரு சல்லடையில் தரம் பிரிந்துவிடாது; கண் பெரியதும் சிறியதுமாகப் பல சல்லடைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தே ஒவ்வொரு தரமும் தனித்தனி விழும். மின்னஞ்சலும் அவ்வாறே பல சல்லடைகளைக் கடக்கின்றது.

முதலாவது சல்லடை வாயிலில் உள்ளது. கதவைத் தட்டும் கணினி எது என்று மட்டுமே அது பார்க்கும். தீயவை எனப் பெயர் பெற்ற கணினிகளின் இலக்கங்களைத் திரட்டிப் பொதுவில் வைக்கும் முறையைப் பால் விக்ஸி முதலியோர் 1997 அளவில் தொடங்கினர். 1998இல் தோன்றிய ஸ்பாம்ஹவுஸ் இன்றும் அப் பணியைச் செய்கின்றது. பட்டியலில் உள்ளவனுக்குக் கதவு திறவாது. இதனோடு சேர்ந்த தந்திரம் ஒன்றை 2003இல் இவான் ஹாரிஸ் என்பார் முன்மொழிந்தார். அறியாதவர் கடிதம் கொண்டுவரின், “இப்பொழுது வசதியில்லை, சற்றுப் பொறுத்து வருக” என்று சேவையகம் கூறும். ஒழுங்கான கணினி சில நிமிடங் கழித்து மீண்டும் வரும். இலட்சக்கணக்கில் இறைப்பவனுக்குத் திரும்பிவரப் பொறுமை இராது. உண்மையான உறவினன் படலையடியிற் சற்றே காத்திருப்பான் அன்றோ?

இரண்டாவது சல்லடை, கடிதம் தான் கூறும் இடத்திலிருந்தே வந்ததா என ஆராயும். ஒரு நிறுவனத்தின் பெயரிற் கடிதம் அனுப்ப உரிமையுள்ள கணினிகள் எவை என்று அந் நிறுவனமே பொதுவில் அறிவித்து வைப்பது எஸ்.பி.எவ். எனப்படும். கடிதத்தின்மேல் அந் நிறுவனம் இடும் மறைமுத்திரை டி.கே.ஐ.எம்.; அது 2007இல் நியமமாக வெளியிடப்பட்டது. இவ்விரண்டும் பொருந்தாவிடின் யாது செய்யவேண்டும் என நிறுவனம் கூறிவைக்கும் கட்டளை டிமார்க். அது 2012இல் வெளிவந்தது. தன் பயனாளருக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புவோர் இம் மூன்றையும் உடையராதல் வேண்டும் என 2024 பெப்ரவரி தொடக்கம் கூகிள் நிறுவனம் விதித்துள்ளது. முத்திரையைச் சோதிக்கும் இச் சல்லடை மொழியை நோக்காது, ஆளை நோக்கும். ஆதலின் இதுவே அறத்தொடு பொருந்தியது என்பது எம் கருத்து.

மூன்றாவது சல்லடை சொற்களை எண்ணும். தோமஸ் பேய்ஸ் என்னும் ஆங்கிலக் குருவானவர் நிகழ்தகவு பற்றி எழுதிய கட்டுரை, அவர் மறைந்தபின் 1763இல் அச்சேறியது. அத் தேற்றத்தைக் கடிதம் பிரிக்கப் பயன்படுத்தும் முறையை, 2002இல் போல் கிரகாம் என்பார் ஒரு கட்டுரையால் யாவரும் அறியச் செய்தார். நல்ல கடிதங்கள் ஒரு குவியல், வேண்டாதவை ஒரு குவியல் எனப் பயனாளர் பிரித்துக் காட்டுவர். ஒவ்வொரு சொல்லும் எக் குவியலில் எத்துணை முறை வருகின்றது என்பதைக் கணினி எண்ணி வைத்துக்கொள்ளும். புதிய கடிதம் வந்ததும் அதன் சொற்களைக் கொண்டு அதன் குணத்தை ஊகிக்கும். ஜஸ்டின் மேசன் 2001இல் வெளியிட்டதும், இன்றும் பல சேவையகங்களில் இயங்குவதுமான ஸ்பாம் அசாசின் என்னும் மென்பொருள், இத்தகைய சோதனைகள் பலவற்றுக்கும் புள்ளியிட்டுக் கூட்டும். கூட்டுத்தொகை 5 ஆயின், கடிதம் வேண்டாதது என்பது அதன் இயல்பான அளவு.

இவ் விடத்திலேயே எம் மாணவியின் கடிதம் தடுக்கப்பட்டது. சொல்லெண்ணும் வடிகட்டி எதனைக் கற்பித்தாலும் கற்கும், கற்பிக்காததைக் கல்லாது. ஒரு நிலையத்தின் நல்ல கடிதங்கள் யாவும் ஆங்கிலத்தில் இருந்து, தமிழில் வந்தவை பரிசுச்சீட்டு விளம்பரங்களாகவே இருந்தால், தமிழ்ச் சொற்கள் எல்லாம் குற்றத்தின் அடையாளங்கள் என அது கற்றுக்கொள்ளும். ‘விண்ணப்பம்’ என்ற சொல்லை அது நல்ல கடிதத்தில் ஒருகாலும் கண்டதில்லை. ‘இலவசம்’ என்பதை மட்டும் கண்டிருக்கின்றது. அன்றியும், ஸ்பாம் அசாசினில் எந்த மொழிகள் ஏற்புடையன எனப் பராமரிப்பவர் விரும்பிற் குறித்துவைக்கலாம். ஒன்றுங் குறியாவிடின் எல்லா மொழியும் ஏற்கப்படும். ஆங்கிலம் ஒன்றையே குறித்துவிட்டால், ஏனைய மொழிக் கடிதங்களுக்குக் குற்றப் புள்ளி கூடும். மென்பொருளைச் செய்தவர் தமிழை விலக்கினாரல்லர். பட்டியலில் தமிழும் உண்டு. எம் நாட்டில் அமர்ந்து அப் பட்டியலைச் சுருக்கியவரே விலக்கினார்.

இது பொறியின் குற்றமா? வகுப்பில் ஒரு மாணவன் தவறாகக் கற்றிருந்தால் முதலில் நாணவேண்டியவர் ஆசிரியர். வடிகட்டியும் ஒரு மாணாக்கனே. அதனை அன்னமாக்குவதும் நெய்யரியாக்குவதும் கற்பிப்போர் கையில் உள்ளது.

ஈண்டு எம் மலைநாட்டார்க்கு உரிய ஒரு நினைவைக் கூறாதிருத்தல் இயலாது. தோட்டத்து லயங்களுக்குத் தனி இலக்கமும் தெருப்பெயரும் இல்லாத நிலை நெடுங்காலம் நீடித்தது. இன்றும் பல தோட்டங்களில் நீடிக்கின்றது. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும். தோட்டக் கந்தோரிற் பிரிக்கப்படும். பின்னர் யாரோ ஒருவர் கையில் லயத்துக்குச் செல்லும். சென்றதும் உண்டு, செல்லாததும் உண்டு. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, நாள் கடந்தபின் வந்து சேர்ந்த கதையைக் கூறாத குடும்பம் எம் வகுப்பறைகளில் அரிது. அக் கடிதத்தை மறைத்தவர் எவரும் இலர். கொண்டுபோய்க் கொடுக்கும் கடமை எவருக்கும் உறுதியாக விதிக்கப்படாததே காரணம். எம் பெற்றோர் காலத்திற் கடிதம் வரும் வழியில் இருந்த இடர், எம் மாணாக்கர் காலத்திற் கடிதம் போகும் வழியில் வந்து நிற்கின்றது. அன்று இடையில் நின்றவர் ஒரு மனிதர். கேட்டால் விடை கூறுவார். இன்று இடையில் நிற்பது வாய்திறவாப் பொறி.

ஆகவே எம் துணிபு இது: வேண்டாத பத்துக் கடிதங்களை உள்ளே விடுதலினும், வேண்டிய ஒன்றை ஒலியின்றிக் கொல்லுதல் பெரும் பிழை. உள்ளே வந்த குப்பையைக் கண்டவர் ஒரு கணத்தில் ஒதுக்கிவிடலாம். கழிக்கப்பட்ட நல்ல கடிதத்தையோ அனுப்பியவரும் அறியார், பெறவேண்டியவரும் அறியார். அறியப்படாத பிழையைத் திருத்துவார் யார்?

வணிகம் புரியும் அன்பர் சிலர் இதற்கு மறுப்புக் கூறுவர். “பத்து விண்ணப்பம் போனாற் போகட்டும், ஒரு தீநிரல் வந்தால் என் கணக்கேடு முழுவதும் அழியுமே! 2023இல் அரசுக்கே நேர்ந்ததை நீரே கூறினீர்” என்பர். அவர் அச்சம் நியாயமானது. ஆயினும், கழித்தலுக்கும் ஏற்றலுக்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்றுண்டு. ஐயத்துக்குரியதைத் தனிக் கூடத்தில் அடைத்துவைத்து, அனுப்பியவர் பெயர், பொருள், நாள் ஆகியவற்றை மட்டும் பட்டியலாகப் பார்க்கலாம். கடிதத்தைத் திறக்கவேண்டியதில்லை, இணைப்பைத் தொடவேண்டியதில்லை. துறைமுகத்தில் நோய் ஐயமுள்ள கப்பலைத் தடுத்துவைப்பரேயன்றிக் கடலில் மூழ்கடிப்பாரல்லர். அன்றியும், அரசின் கடிதங்கள் அழிந்தமைக்குப் பழைய மென்பொருளும் தனிப் படி இன்மையும் காரணங்களாய் இருந்தன. தமிழ்க் கடிதங்களைத் தள்ளியிருந்தால் அவை தப்பியிரா. அச்சத்தை அச்சத்துக்குரிய இடத்தில் வைத்தல் வேண்டும்.

மேலும், இழப்பு விண்ணப்பதாரருக்கு மட்டும் உரியதன்று. கொள்வனவு செய்ய விழைந்த புதியவரின் கடிதமும் அவ் வடிகட்டியிலேயே விழும். நல்ல வாடிக்கையாளனும் முதல் நாளில் அறியாதவனே.

எனவே, நிலையங்களை நடத்தும் பழைய மாணவர்களிடம் ஐந்து வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம்.

முதலாவது: எந்தக் கடிதத்தையும் வாங்கியபின் ஒலியின்றி அழிக்கவேண்டாம். ஏற்க விருப்பமில்லையெனின் வாயிலிலேயே மறுக்குக. அவ்வாறு மறுத்தால், அனுப்பியவரின் சேவையகம் கடிதம் சேரவில்லை என அவருக்கு உரைக்கும். வாங்கிவைத்த பின்னர்த் திருப்பி அனுப்புதலும் முறையன்று. வேண்டா அஞ்சலில் அனுப்புநர் பெயர் பெரும்பாலும் களவாடப்பட்டதாதலின், மறுப்பு ஒரு பாவமும் அறியாதவரைச் சென்று தொல்லைப்படுத்தும். வாங்கிவிட்டால் தனிக் கூடத்தில் வைக்க.

இரண்டாவது: அத் தனிக் கூடத்தை நாள்தோறும் பார்க்கும் கடமையை ஒருவருக்குப் பெயர் குறித்து விதிக்க. பலருக்கும் பொதுவான கடமை ஒருவருக்கும் உரியதன்று என்பதைத் தோட்டத்துத் தபால் எமக்குக் கற்பித்தது. பத்து நிமிடம் போதும்.

மூன்றாவது: தமிழையும் சிங்களத்தையும் ஏற்புடைய மொழிகளாகக் குறிக்க. நல்ல தமிழ்க் கடிதங்களை வடிகட்டிக்குக் காட்டிப் பயிற்றுக. இந் நாட்டின் ஆட்சிமொழிகள் இரண்டும் இந் நாட்டின் சேவையகத்தில் அந்நியமாதல் வெட்கக்கேடு.

நான்காவது: வேலை விளம்பரத்துக்குத் தனி முகவரி ஒன்று வகுத்து, வந்த ஒவ்வொரு கடிதத்துக்கும் “கிடைத்தது” என்னும் ஒரு சொல் மறுமொழி செல்ல ஏற்பாடு செய்க. மறுமொழி வராதவர், தம் கடிதம் சேரவில்லை என உணர்ந்து வேறு வழி தேடுவர். ஒரு சொல்லின் விலை யாது?

ஐந்தாவது: எஸ்.பி.எவ்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஆகிய மூன்றையும் உங்கள் சேவையகத்துக்கு ஒழுங்காக அமைத்துக்கொள்க. இல்லாவிடின் உங்கள் விலைப்பட்டியலும் பிறர் குப்பையிலேயே கிடக்கும். உங்கள் பெயராற் கள்வர் கடிதம் எழுதவும் இடமாகும்.

பிறர்க்கு உரைத்த யாம் எம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். இவ் விழா மலருக்குக் கட்டுரையும் நன்கொடையும் வேண்டி எம் குழுவினர் பழைய மாணவர் சில நூற்றுவருக்கு ஒரே கடிதத்தை ஒரே வேளையில் அனுப்பினர். எல்லார் முகவரியும் எல்லார்க்குந் தெரியும்படி கிடந்தது. சிலர் பழைய முகவரியினர். சிலர் எம்மிடம் முகவரி தந்ததையே மறந்தவர். பலர் அதனை வேண்டா அஞ்சல் எனக் குறித்தனர் போலும். அதன்பின் அனுப்பிய கடிதங்கள் பலரைச் சென்றடையவில்லை. விழா அழைப்பு வரவில்லையே என மனங்குறைந்த அன்பர்கள் பொறுத்தருள்க. நல்ல நோக்கம் உடையோம் என்பதனால் நாம் அனுப்பும் கூட்டுக் கடிதம் வேண்டிய அஞ்சல் ஆகிவிடாது. பெறுபவர் இசைவே அதனை அவ்வாறு ஆக்குவது. எம் நாட்டில் 2022ஆம் ஆண்டு நிறைவேறிய 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவரின் தரவைக் கொண்டு அவருக்கு விளம்பரச் செய்தி அனுப்ப அவர் இசைவு வேண்டும் என்னும் நெறியைக் கொண்டுள்ளது. சட்டம் வற்புறுத்துமுன் பண்பு வற்புறுத்துதல் ஒரு கல்லூரிக்கு அழகு.

மாணாக்கர்க்கும் சில கூறுவாம். பொருள் குறியாது கடிதம் அனுப்பவேண்டாம். “வணக்கம்” என்ற ஒரு சொல்லைப் பொருளாக இடுவது கள்வர் வழக்கமுமாகும். விளையாட்டுப் பெயரில் அமைத்த முகவரியை விடுத்து, உங்கள் சொந்தப் பெயரில் ஒன்று அமைத்துக்கொள்க. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் மின்னஞ்சல் எழுதவேண்டாம். அவை கணினிக்குத் தமிழாகத் தோன்றா, பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். யூனிகோட் முறையில் எழுதுக. கடிதத்தில் ஒன்றும் எழுதாது இணைப்பை மட்டும் அனுப்புதல் தகாது. நீர் யார், எதற்காக எழுதுகின்றீர் என்பதை நான்கு வரியிலேனும் கூறுக. ஒரு கிழமையில் மறுமொழி வராவிடின், தொலைபேசியிற் பணிவாக வினவுக. மறுமொழி வாராமை உம் தகுதிக்கு இடப்பட்ட மதிப்பெண் அன்று. இவ்வொன்றை மட்டுமேனும் நெஞ்சிற் பதித்துக்கொள்க.

எம்மைப் போன்ற ஆசிரியர்க்கும் கடமை உண்டு. கடிதம் எழுதுதல் என்னும் பாடத்தில் அனுப்புநர், பெறுநர், விளிப்பு, முடிப்பு என்று பல்லாண்டு கற்பித்து வருகின்றோம். உறையின்மேல் முகவரியை எப் பக்கத்தில் எழுதுவது என்பதற்கும் மதிப்பெண் இடுகின்றோம். மின்னஞ்சலிற் பொருள்வரி எழுதும் முறையை எத்தனை பேர் கற்பித்தோம்? அம் மாணவிக்கு ஒற்றுப் பிழை இரண்டைத் திருத்திக் கொடுத்த யாமே, அவள் பொருள்வரியை வெறுமையாக விட்டு அனுப்பியதைக் கவனித்தோமில்லை. அவள் கடிதத்துக்குக் கூடிய குற்றப் புள்ளிகளுள் ஒன்று எம்முடையது.

அவளைப் பற்றி ஒன்று கூறி முடிப்போம். அந் நிலையத்தினர் தம் பிழையை உணர்ந்து அவளுக்கு ஒரு கடிதம் எழுதினர். வேலை தருவதாக அன்று. அவள் விண்ணப்பம் தமக்குக் கிடைத்தது என்றும், படிக்கப்படாமைக்கு வருந்துவதாகவும் எழுதினர். அக் கடிதத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு எம்மிடம் வந்தாள். “என்னை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, சேர்” என்றாள். இப்பொழுது வேறிடங்களுக்கு விண்ணப்பித்து வருகின்றாள். பொருள்வரியை மறவாது எழுதுகின்றாள்.

நமுனுகுலை அடிவாரத்திலிருந்தும் லுணுகலைத் தோட்டங்களிலிருந்தும் எழுதப்படும் முதற் கடிதங்கள் பல, இக் கல்லூரியின் பழைய மாணவர்தம் வாயில்களையே சென்று தட்டும். அவ் வாயிலில் நிற்கும் காவலனை நாளையே ஒரு முறை சென்று பார்க்குமாறு அவர்களை வேண்டுகின்றோம். அவன் அன்னமாயின் வாழ்த்துக, நெய்யரியாயின் கற்பிக்க. கற்பித்தல் நம் கல்லூரி நம் அனைவர்க்கும் தந்த தொழில் அன்றோ?

கல்லூரி வாழ்க; அதன் மக்கள் எழுதும் கடிதங்கள் உரியோரைச் சேர்க.